கோடு இல்லாத தண்ணீர்

போன இதழில் வேல்ஸ் நாட்டு நீச்சல் வீரர் டேவிட் டேவிஸ் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் பெரும்பகுதித் தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், கடைசி நேரத்தில் திசை விலகி ஒன்றரை விநாடியில் தங்கத்தை விட்டார் என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நீச்சல் என்றால் சும்மா இருக்க முடியாது போல. அதனால் இந்தத் தடவை கிரிக்கெட் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யார் சார் இந்த டேவிட் டேவிஸ்? நாலு வரியில் முடித்துவிட்டீர்களே, முழுசாகச் சொல்லக் கூடாதா?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

சொல்கிறேன். 1985 மார்ச் 3-ல் பிறந்தவர். ஊர் பாரி, வேல்ஸின் தென்கரையில் கார்டிஃப் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற துறைமுக ஊர், ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர் போனது. கார்டிஃபில் எம்பயர் பூல் என்று 50 மீட்டர் நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1958-ல் அங்கே நடந்த காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. 1998-ல் அதை இடித்துவிட்டார்கள், ரக்பி உலகக் கோப்பைக்காகப் பெரிய ஸ்டேடியம் கட்ட அந்த இடம் தேவைப்பட்டது. அப்போது டேவிஸுக்கு 13 வயது. அதற்குப் பிறகு கார்டிஃபில் இன்னொரு 50 மீட்டர் குளம் திறந்தது 2008 ஜனவரியில். நடுவில் பத்து வருடம். ஒரு நீச்சல்காரனின் உடம்பு உருவாகிற வயது முழுக்க அந்தப் பத்து வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 25 மீட்டர் குளத்துக்கும் 50 மீட்டர் குளத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. 1500 மீட்டர் நீந்த வேண்டும் என்றால் 50 மீட்டர் குளத்தில் 29 தடவை திரும்ப வேண்டும், 25 மீட்டர் குளத்தில் 59 தடவை. ஒவ்வொரு தடவை சுவரில் உதைத்துத் திரும்பும்போதும் கைக்கு ஒரு சின்ன ஓய்வு, உடம்புக்கு ஒரு இலவசத் தள்ளல். சின்னக் குளத்திலேயே பழகியவன் பெரிய குளத்துக்கு வந்தால் பாதித் தூரத்துக்கு மேல் தோள் கனக்க ஆரம்பித்துவிடும். டேவிஸின் நகரத்தில் நிலைமை இப்படி இருந்த காலத்தில், டேவ் ஹாலர் என்ற பயிற்சியாளரிடம் பயின்று, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெண்கலம் வாங்கினார். வயது 19. நேரம் 14 நிமிடம் 45.95 விநாடி. தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹாக்கெட் 14:43.40, வெள்ளி வாங்கிய அமெரிக்காவின் லார்சன் ஜென்சன் 14:45.29. டேவிஸின் நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் 100 மீட்டருக்கு 59 விநாடி சொச்சம் வருகிறது. நம் பக்கத்தில் நன்றாக நீந்துகிற பையன் ஒரே ஒரு நூறு மீட்டரை உயிரைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் முடித்தாலே கைதட்டுவோம். அதை நிற்காமல் பதினைந்து தடவை.

அப்புறம் 2005 மான்ட்ரியல், 2007 மெல்பர்ன் என்று இரண்டு உலகப் போட்டிகளிலும் 1500 மீட்டரில் வெண்கலம். நடுவில் 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் அதே தூரத்தில் தங்கம். இவ்வளவும் குளத்தில். அதற்கப்புறம்தான் 2008.

ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலை முதல்முறையாகச் சேர்த்த வருடம் அது. டேவிஸ் 1500 மீட்டர், 10 கிலோமீட்டர் இரண்டுக்கும் பெயர் கொடுத்தார். ஆகஸ்ட் 17-ல் 1500 மீட்டர் இறுதிப் போட்டி, ஆறாவது இடம். நாலே நாள் இடைவெளி. ஆகஸ்ட் 21 காலையில் ஷுன்யி என்ற இடத்தில் படகுப் போட்டிக்காக வெட்டிய நீர்ப்பரப்பில் 10 கிலோமீட்டர். போனவர் முன்னால் போய் நின்றுகொண்டார், பின்னால் பதுங்கி வரவில்லை. திறந்த தண்ணீரில் முன்னால் போகிறவனுக்குத்தான் கஷ்டம் எல்லாம், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது அவன்தானே, அவன் காலுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு வேலை நிறைய மிச்சம். சைக்கிளில் லாரிக்குப் பின்னால் போன அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன் அப்படித்தான் கூட்டத்துக்குள் தன்னை மறைத்துக்கொண்டு சக்தியைச் சேமித்து வந்தார். 2001-ல் ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சையில் பிழைத்து, திரும்பத் தண்ணீருக்கு வந்த மனிதர் அவர்.

கடைசி நீட்டத்தில் டேவிஸ் களைத்துவிட்டார். களைத்தால் முதலில் போவது திசைதான். நேர்கோட்டை விட்டு ஒரு பக்கமாக விலகிப் போனார். அந்த இடைவெளியில் வான் டெர் வெய்டன் முந்தினார். வான் டெர் வெய்டன் 1 மணி 51 நிமிடம் 51.6 விநாடி, டேவிஸ் 1:51:53.1, மூன்றாவதாக வந்த ஜெர்மனியின் தாமஸ் லூர்ட்ஸ் 1:51:53.6. கரையேறிய டேவிஸ் துவண்டுபோய்விட்டார்.

"வழி தெரியாமல் தோற்றவர்" என்று இதை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. போன இதழில் நானே கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினேன், அது சரியில்லை. சின்ன வயதிலிருந்து அவர் நீந்திய ஒவ்வொரு குளத்தின் தரையிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கோடு கண்ணுக்கு நேரே, அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஏரியிலும் கடலிலும் கோடு கிடையாது. அந்தக் கோட்டை நம்பி வளர்ந்த ஒருவர், திறந்தவெளிக்குப் புதியவர், நாலு நாளுக்கு முன்னால் ஒரு ஒலிம்பிக் இறுதிப் போட்டி நீந்தியவர், உலகத்தின் தேர்ந்த திறந்தவெளி வீரர்களை இழுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குப் பக்கமாக முன்னால் போனார். நான் அந்தப் போட்டியின் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசி நூறு மீட்டரில் "தலையைத் தூக்கய்யா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் மறுபடி 1500 மீட்டர் நீந்தினார், பதக்கம் இல்லை. அந்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டார்.

கேள்வி: வேல்ஸ் தனி நாடா? ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் காணவே காணோமே.
பத்தாம் வகுப்பு மாணவர், வில்லியனூர்

நல்ல கேள்வி தம்பி. ஒலிம்பிக்கில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீரர்கள் எல்லாரும் கிரேட் பிரிட்டன் என்ற ஒரே அணி. காமன்வெல்த் போட்டியில் தனித்தனி அணி. அதனால் டேவிஸின் ஒலிம்பிக் பதக்கங்கள் பிரிட்டன் கணக்கில், 2006 தங்கம் வேல்ஸ் கணக்கில்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, 400 மீட்டர் நீந்துகிறேன். தேர்வுப் போட்டிக்கு முன்னால் டெங்கு வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டேன். திரும்பக் குளத்தில் இறங்கினால் பழைய நேரத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. அழுகையாக வருகிறது. விட்டுவிடலாமா?
லாஸ்பேட்டை, புதுச்சேரி

விட வேண்டாம் அம்மா. உனக்கு இன்னொரு வேல்ஸ் வீராங்கனையைச் சொல்கிறேன், ஜாஸ் கார்லின். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு வந்து 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளி வாங்கிக்கொண்டு போனவர். அடுத்து 2012 லண்டன் ஒலிம்பிக், சொந்த நாட்டில், 21 வயதில், உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். அப்போது ஒரு வைரஸ் காய்ச்சல் பிடித்தது, கழுத்துச் சுரப்பிகள் வீங்கி மாதக்கணக்கில் ஆளை அடித்துப் போடுகிற வகை. தேர்வில் கோட்டை விட்டார். லண்டன் ஒலிம்பிக் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டரில் தங்கம். வேல்ஸ் பெண் ஒருவர் காமன்வெல்த் நீச்சலில் தங்கம் வாங்கி 40 வருடம் ஆகியிருந்தது அப்போது. அதே கோடையில் பெர்லினில் ஐரோப்பியப் போட்டி, 400, 800 இரண்டிலும் தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி. இரண்டிலும் முதலில் வந்தது அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி, இரண்டிலும் உலக சாதனையோடு. 800 மீட்டரில் லெடெக்கி 8:04.79, கார்லின் 8:16.17. பதினோரு விநாடிக்கு மேல் பின்னால். ஆனால் மூன்றாவதாக வந்த ஹங்கேரியின் போக்லார்கா கபாஷ் 8:16.37. அந்த வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்தது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. லெடெக்கியைப் பார்த்துக்கொண்டு மனம் தளர்ந்திருந்தால் அந்த வெள்ளி கை நழுவியிருக்கும்.

டெங்குவுக்குப் பிறகு உடம்பு தேறுவதற்கு மாதங்கள் ஆகலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் முதல் ஆறு வாரம் கடிகாரத்தைப் பார்க்காதே. தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வை, வழக்கத்தைவிட கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு. உன் பயிற்சியாளர் அவசரப்படுத்தினால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: பழைய காலத்து ஆட்கள் யாரும் இல்லையா வேல்ஸில்? எல்லாம் நேற்றைய கதையாகவே சொல்கிறீர்கள்.
துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடலூர் முதுநகர்

ஐயா, உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார். பாலோ ராட்மிலோவிச். 1886-ல் கார்டிஃபில் பிறந்தவர். பெயரைப் பார்த்தால் வேல்ஸ் மாதிரி இருக்காது, அப்பா குரோஷியாக்காரர், அம்மா ஐரிஷ் வம்சம். கப்பல் வந்து போகிற ஊரில் இப்படிக் குடும்பங்கள் இருப்பது உங்களுக்குப் புதிதில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வாட்டர் போலோவில், அதாவது தண்ணீருக்குள் ஆடுகிற பந்தாட்டத்தில் தங்கம், அதோடு 4x200 மீட்டர் ரிலே அணியில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு அதிலும் தங்கம். 1912 ஸ்டாக்ஹோமில் ஒன்று, 1920 ஆன்ட்வெர்ப்பில் ஒன்று, ஆக நாலு. 1920 இறுதிப் போட்டியில் பெல்ஜியத்தை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று ஜெயித்தபோது வெற்றி கோல் அவருடையது. 1928 ஆம்ஸ்டர்டாம் வரைக்கும், 42 வயது வரைக்கும், ஆடினார். பிரிட்டனில் அதிக ஒலிம்பிக் தங்கம் என்ற அவருடைய கணக்கை 2000-ல்தான் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் ஐந்தாவது தங்கத்தோடு தாண்டினார். நடுவில் எண்பது வருடம்.

நேற்றைய கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேல்ஸ் அணிக்கு நீந்துகிற மேத்யூ ரிச்சர்ட்ஸ் 2023 உலகப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வாங்கியது 0.02 விநாடி வித்தியாசத்தில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே 200 மீட்டரில் தங்கத்தை விட்டதும் 0.02 விநாடியில்.

கேள்வி: நம் ஆட்கள் நீந்தாத கடலா? வெள்ளைக்காரன் கதையை எதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்?
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையைக் கடந்து கோடியக்கரையைத் தொட்டு, அதே நீச்சலில் ஊருக்குத் திரும்பிப் போனார். 1984-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரை விட்டார். குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளை நீந்தியபோது அவன் மீசை முளைக்காத சின்னப் பையன். அந்த வருடம் நான் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் எல்லாம் பெஞ்சில் குப்புறப் படுத்து நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பற்றி எழுதச் சொன்னால் மாதம் ஒரு பக்கம் எழுதுவேன்.

டேவிஸை நான் எடுத்ததற்குக் காரணம் அவருடைய நிறம் இல்லை. குளத்தில் தேர்ந்த ஒருவருக்குத் திறந்த தண்ணீரில் எது குறைகிறது என்பதை அந்தப் போட்டி அப்படியே காட்டுகிறது. நம் கரையோரப் பிள்ளைகளுக்குக் குறைவது அதற்கு நேர் எதிரான ஒன்று. கீழே வருகிற கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயது. அவன் அப்பா படகு வைத்திருக்கிறார். பையன் கடலிலேயே கிடக்கிறான். 2004 சுனாமியில் எங்கள் வீட்டில் இரண்டு பேரைப் பறிகொடுத்தோம், அதனால் அவன் தண்ணீரில் இறங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது பள்ளியில் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். குளத்தில் இறக்கிப் பார்த்த சார் ஒருவர், "இவன் கை வீசுவது சரியில்லை, நேரமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டார். உண்மையா சார்?
ஒரு தாய், தேவனாம்பட்டினம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துதான் எழுதுகிறேன். டிசம்பர் 26 பற்றி நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. உங்கள் பயம் நியாயமானது, அதைப் பையனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் 13 வயதில் நேரமாகிவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலில் பழகிய பிள்ளைகள் தலையை நிமிர்த்தி வைத்தே நீந்துவார்கள், அலை எங்கே உடைகிறது, படகு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டுமே. தலை நிமிர்ந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், உடம்பு சாய்வாகி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், குளத்தில் நேரம் கெடும். அந்த சார் பார்த்தது அதைத்தான். இது திருத்தக்கூடிய விஷயம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பார்வையைத் தரையில் அந்தக் கறுப்புக் கோட்டில் வைத்து, மூச்சுக்கு மட்டும் பக்கவாட்டில் திரும்பப் பழக வேண்டும். மூன்று நான்கு மாதம் தினமும் செய்தால் வந்துவிடும். முதல் மாதம் நேரம் இன்னும் மோசமாகும், பையன் சலித்துக்கொள்வான், அப்போது நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதே சமயம் அவனிடம் இருக்கிற கடல் கண்ணை யாரும் கெடுத்துவிடக் கூடாது. அது டேவிஸுக்குக் கடைசி நூறு மீட்டரில் கிடைக்காமல் போன ஒன்று. திறந்தவெளி வீரர்கள் ஆறு எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும், முதலை மாதிரி, தண்ணீருக்கு மேல் தூக்கி எதிரே உள்ள அடையாளத்தைப் பார்த்துவிட்டு உடனே முகத்தை இறக்குவார்கள். இதைத் தனியாகப் பயிற்சி எடுப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர் சேர்த்துப் பார்ப்பார் இல்லையா, அதேதான். பையனுக்கு அப்பாவே சொல்லிக் கொடுக்கட்டும். அதை அவரைவிட நன்றாக எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தர முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வயதில், ஓர் ஆடி மாதம், வெள்ளிக் கடற்கரையில் இறங்கி கரைக்கு இணையாக நீந்தினேன். எதிர்நீச்சல் என்ற நினைப்பே வரவில்லை, சுகமாகப் போகிறதே என்று தலையைத் தூக்காமல் போனேன். அந்த மாதங்களில் நம் கரையில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். தலையைத் தூக்கிப் பார்த்தபோது தாழங்குடா தாண்டி, கரை எங்கேயோ இருந்தது. திரும்பி நீந்தினால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கட்டுமரத்தில் வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அவருடைய சோற்றில் பாதியைக் கொடுத்தார். என் அம்மாவிடம் இதை நான் சொன்னதே இல்லை.

அதனால் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிற்சிக்காக அவன் கடலில் தனியாக இறங்கக் கூடாது, பக்கத்தில் படகு இருக்க வேண்டும், அதில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தலையில் பளிச்சென்று தெரிகிற கலரில் தொப்பி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் பயிற்சியே வேண்டாம், குளம் மட்டும். சித்திரை வைகாசியில் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். சர்வதேச விதிப்படி திறந்தவெளிப் போட்டிக்குத் தண்ணீரின் வெப்பம் 16 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 31 டிகிரிக்கு மேல் போகவும் கூடாது. நம் கடல் கோடையில் அந்த மேல் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். சூடான தண்ணீரில் நீண்ட தூரம் நீந்தினால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றிப்போகும், படகில் தண்ணீரும் கொஞ்சம் உப்புப் போட்ட கஞ்சியும் இருக்கட்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு மாதம் குளத்தில் முகம் வைத்து நீந்தப் பழகட்டும். அதற்கப்புறம் ஒருநாள் காலையில் 1500 மீட்டரை நிற்காமல் நீந்தச் சொல்லி, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஆகிற நேரத்தை அவன் அக்காவோ நண்பனோ ஒரு தாளில் எழுதட்டும். வேகம் முக்கியம் இல்லை. முதல் நூறுக்கும் கடைசி நூறுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுதான் நான் பார்க்க வேண்டும். அந்தத் தாளை, குளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்று மேலே குறித்து, இதே முகவரிக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.